பின்னால் வருகிறவள்

அக்டோபர் 6, திங்கள்

பால்துரை சார் எல்லோரையும் நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். தினமும் எவ்வளவு நீந்தினோம், எவ்வளவு சைக்கிள் மிதித்தோம், எவ்வளவு ஓடினோம், என்ன தின்றோம், எப்படித் தூங்கினோம் என்று எழுத வேண்டுமாம். போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டு வாரம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மறந்தே போனார். அதனால் இதில் நான் என்ன எழுதினாலும் கேட்க நாதியில்லை.

இன்று: கடலில் நீச்சல், பிறகு ஈரத் துணியோடு ஓட்டம். தின்றது: விடுதி உப்புமா. அதை உப்புமா என்று சொன்னால் உப்புமாவுக்குக் கேவலம். தூக்கம்: இசக்கியின் குறட்டையால் அரைகுறை.

இசக்கி என் அறையில் இருப்பவள். ஓட்டப்பிடாரத்துக்காரி. ஓட்டத்தில் சீட்டு வாங்கித் தூத்துக்குடிக்கு வந்தவளை சார்தான் டிரையத்லானில் இழுத்துவிட்டார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்று. முதல் வருடம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குலசாமியைக் கூப்பிட்டாள். நான் மீனவர் வீட்டுப் பெண். கடலில் மிதக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு நான்தான் சொல்லித் தந்தேன். வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, "விட்டுறாத டெல்பின், விட்டுறாதட்டி" என்று அவள் கத்தியதை ஊரே கேட்டது.

அக்டோபர் 11, சனி

உப்பளத்து ரோட்டில் நீண்ட சைக்கிள். மழைக்காலம் வந்தால் உப்பு வாரமாட்டார்கள், லாரியும் வராது. ரோடு முழுக்க எங்களுக்குத்தான். இரண்டு பக்கமும் பாத்தியில் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் பார்த்தால் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பதுபோல இருக்கிறது.

எதிர்காற்று உயிரை வாங்கியது. அதனால் மாறி மாறி முன்னால் போனோம். முன்னால் போகிறவள் காற்றை வாங்கிக்கொள்வாள், பின்னால் வருகிறவள் அவள் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்தால் பாதி பலத்தில் வரலாம். ஆனால் பின்னால் வருகிறவளுக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவளின் பின்சக்கரமும் முதுகும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவள் குழி, கல், நாய், கண்ணாடித் துண்டு எதுவென்றாலும் கையை இறக்கி எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். வாயாலும் கத்த வேண்டும். எங்கள் டீமில் சேர்ந்த முதல் நாளே சார் சொன்னது இது. "முன்னால போறவ பின்னால வாரவளுக்குக் கண்ணு. கை காட்டாதவ என் டீம்ல வேண்டாம்."

இசக்கி ஒட்டினால் அப்படி ஒட்டுவாள். என் பின்சக்கரத்துக்கும் அவள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு தோசைக் கரண்டியை நுழைக்க முடியாது. "கொஞ்சம் தள்ளி வாயேன், பயமா இல்லையா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"நீதான முன்னால போற. எனக்கென்ன பயம்" என்றாள்.

வாழைப்பழம் தின்றேன். அவளுடையதையும் தின்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அம்மா போன் பண்ணினாள். அக்காவின் மாமியார் வழியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறானாம். மஸ்கட்டில் கப்பல் பட்டறையில் வேலை. "பரீட்சை முடியட்டும்னுதான் பொறுத்துக்கிட்டு இருக்காவ. ஒனக்கு இன்னும் என்ன ஓட்டம்?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன ஓட்டம் என்று அம்மாவுக்கு எத்தனை தடவைதான் சொல்வது. தேசியப் போட்டிக்குப் போய்வந்த சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். இது கடைசி வருடம். இது போனால் மஸ்கட்காரன் வாங்கி அனுப்பும் சென்ட் பாட்டிலை அலமாரியில் அடுக்கிக்கொண்டு அக்கா மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அக்கா பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினவள். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 18, சனி

இசக்கி தீபாவளிக்கு ஊருக்குப் போனாள். அறையில் குறட்டை இல்லை. அப்படியும் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இன்று பல்லு தப்பியது தம்பிரான் புண்ணியம்.

தனியாக உப்பளத்து ரோட்டில் போனேன். உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையைத் தாண்டி, மூட்டை அடுக்கும் உப்புக் கிட்டங்கி ஒன்று கூரை போய் நிற்குமே, அதற்கு நேர் எதிரே குழாய் போடத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடியிருக்கிறார்கள். நேற்றைய மழையில் மண் உள்வாங்கி முழங்கால் ஆழத்துக்குக் குழி. மேலே தண்ணீர் நிறைந்து ரோட்டோடு ரோடாகத் தெரிகிறது. ஒரு கொக்கு அதில் இறங்கி, கால் முழுக்க உள்ளே போனதைப் பார்த்ததால் பிழைத்தேன். கடைசி நொடியில் இடது பக்கம் ஒடித்தேன். சைக்கிள் பாத்தி வரப்பில் போய் நின்றது.

தெரியாதவள் வந்தால் அவ்வளவுதான். இசக்கி வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

இசக்கி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். அந்தக் கையால் சுட்ட அதிரசத்துக்கு மட்டும் நான் எந்த மதத்துக்கும் மாறத் தயார்.

சாயந்திரம் சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போகலாம் என்றுதான் நினைத்திருந்தோம். இல்லையாம். ஜனவரியில் தேசியப் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்தான். நவம்பர் பதினைந்தாம் தேதி எங்களுக்குள் ஓட்டிப் பார்த்து, முதலில் வருகிறவளை அனுப்புவார். அவளுக்குத்தான் அந்தக் கறுப்பு ரேஸ் சைக்கிளும். சார் அறையில் போர்வை போர்த்தி வைத்திருக்கிற அதை நாங்கள் 'மருமகன்' என்று கூப்பிடுவோம், யாரும் தொடக் கூடாது என்பதால்.

வெளியே வந்ததும் இசக்கி என் தோளில் கை போட்டாள். "யாரு போனாலும் நம்ம ரூமுக்குத்தானட்டி வரும்" என்றாள். அவளுக்கு எல்லாமே லேசு. போலீஸ் வேலைக்கு உயரம், ஓட்டம் எல்லாம் இருக்கிறது, இது இல்லாவிட்டாலும் அது. எனக்கு இது மட்டும்தான்.

குழி விஷயத்தை மறந்துவிட்டேன். நாளை சொல்லலாம்.

அக்டோபர் 30, வியாழன்

மழை. சைக்கிள் இல்லை. வராந்தாவில் குதித்தோம். துவைத்த துணி எதுவும் காயவில்லை, அறையே நாய் படுத்த இடம் மாதிரி நாறுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஊருக்குப் போனேன். தாத்தா கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் மஸ்கட்காரனின் அம்மாவும் தங்கையும் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். தற்செயலாக வந்தார்களாம். கல்லறைக்கு வந்த வழியாம்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "வெயில்ல ரொம்பத்தான் கறுத்துட்டா. வீட்டுல இருந்தா தெளிஞ்சிரும்" என்றார். மாட்டைப் பார்க்கிறவர்களாவது பல்லைப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. படகை விற்றதிலிருந்து அப்பா யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோது மட்டும் சொன்னார். "அந்தப் போட்டிக்கு ஒன்ன எடுத்துட்டா நான் அம்மாட்ட பேசுதேன். எடுக்கலன்னா நான் என்ன சொல்லிப் பேச?"

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கல்லறைக்குப் போய் வந்த அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நவம்பர் 6, வியாழன்

ஒத்திகை. எழுதவே பிடிக்கவில்லை.

கடலில் நான் முன்னால். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் இசக்கி என் காலடியில் இருக்கிறாள். நான் கிழித்துக் கொடுத்த தண்ணீரில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். போன வருடம் நான் உடை மாற்றி ஷூ போட்ட பிறகுதான் அவள் தலை தெரியும். சைக்கிளில் மழைக்காகக் கல்லூரி மைதானத்தையே சுற்றினோம், அதிலும் என் பின்னாலேயே. ஓட்டம் வந்ததும் போயே போய்விட்டாள். நான் வந்து சேர்ந்தபோது அவள் தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கி, எனக்காக ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"நீ முன்னால போனதாலதான் எனக்கு லேசா இருந்துச்சு டெல்பின்" என்றாள். பாராட்டுகிறாளாம்.

சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நான் கற்றுக்கொடுத்த நீச்சல் அது. இந்தக் கையால் பிடித்துக் கற்றுக்கொடுத்தது. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. இருக்கிறது. இருந்தால் என்ன, கோபப்படக்கூடவா எனக்கு உரிமை இல்லை?

நவம்பர் 8, சனி

காலையில் இசக்கி விழுந்துவிட்டாள். உப்பளத்து ரோட்டில். குழியில் தண்ணீர் நின்றது, தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

நேற்று நடந்ததை எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

மழை விட்டிருந்தது. சார் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார், டயர் பஞ்சராகி எடைமேடை பக்கம் நின்றுவிட்டார். நான் முன்னால். எதிர்காற்று. இசக்கி எப்போதும்போல ஒட்டிக்கொண்டு வந்தாள். வருகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், வழக்கமாகப் பார்ப்பதுதான். நான் கொஞ்சம் இடது ஓரமாகப் போனேன். அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருக்கும். பிறகு சத்தம் கேட்டது. சைக்கிள் விழுந்த சத்தம் இல்லை, அவள் விழுந்த சத்தம். அவள் கத்தவில்லை.

முன்சக்கரம் குழிக்குள் நின்றுவிட, அவள் தலைக்குமேலாகப் போய் வலது தோளில் விழுந்திருக்கிறாள். ஹெல்மெட் பிளந்திருந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன். அந்த ரோட்டில் யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு. கடைசியில் சார் எடைமேடையில் யாரிடமோ ஒரு சைக்கிளைக் கடன் வாங்கி மிதித்துக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமயக்கம்தான், கண் மட்டும் திறந்திருந்தது.

"குழி தெரியலையாம்மா?" என்று சார் கேட்டார்.

"தண்ணி நின்னுச்சு சார்" என்றேன்.

அவரும் குழியைப் பார்த்தார். தண்ணீர் நின்றது. யாருக்குத் தெரியும்? அது தெரியாத குழிதான்.

நவம்பர் 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் மூன்று நாள் உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்துப் போகவில்லை. விடுகிறார்கள்.

எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்துவிட்டார்களாம். கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புதான் இழுபட்டுப் போயிருக்கிறது. வலது கை தூக்க வரவில்லை. விரல் லேசாக அசைகிறது. வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். டாக்டருக்கு ஒரு வருடம் என்பது சும்மா சொல்கிற ஒரு வார்த்தை.

இசக்கியின் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அவர்மேல் தீக்குச்சி மருந்து வாசனை. "நீ இல்லன்னா எம்புள்ளய யாரு தாயி தூக்கிருப்பா? ரோட்டுலயே கெடந்துருப்பாளே" என்றார். அவருக்கு வந்த சாப்பாட்டில் பாதியை எனக்குப் போட்டார். வேண்டாம் என்றால் விடவில்லை. தின்றேன். ஒரு பருக்கை விடாமல் எல்லாவற்றையும் தின்றேன்.

இசக்கி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சார் வந்து என்ன நடந்தது என்று கேட்டாராம். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லட்டி" என்றாள். "எடைமேடையத் தாண்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் இந்தக் கட்டில்தான்."

"மண்டையில அடிபட்டா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"மண்டையில அடி இல்லன்னுதான டாக்டர் சொன்னாரு" என்றார் அவள் அம்மா.

வெளியே வந்ததும் மனது லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதால் இருக்கும்.

நவம்பர் 15, சனி

போட்டி இல்லை. ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. சார் மருமகனின் போர்வையை எடுத்தார். "நீதான்மா. வேற யாரு இருக்கா?" என்றார். வேறு யாரும் இல்லாததால் நான். நன்றாக இருக்கிறது.

சீட்டின் உயரத்தை எனக்காகச் சரி பார்க்கக் குனிந்தார். அது ஏற்கெனவே இறங்கியே இருந்தது. அதற்கு முன்னால் யாரோ உயரமான ஆளுக்கு ஏற்றி வைத்து, பிறகு இறக்கிய அடையாளம் அதில் இருந்தது. இசக்கி என்னைவிட உயரம். சார் அவளுக்காக முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தார் போலிருக்கிறது.

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "நல்லதும்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

நீச்சல். ஓட்டம். தூக்கம் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

சார் உப்பளத்து ரோட்டுக்குப் போகச் சொன்னார். வயிற்று வலி என்றேன். பெண்பிள்ளை வயிற்று வலி என்றால் சார் மறுகேள்வி கேட்கமாட்டார். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை என்பதை அவர் கவனிக்கவில்லை. உண்மையில் எனக்கு வர வேண்டியது வரவே இல்லை. போன மாதமும் வரவில்லை. ஓட்டம் அதிகமானால் நின்றுபோகுமாம், சீனியர் அக்காக்கள் சொல்வார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

இசக்கி விடுதிக்கு வந்துவிட்டாள், செமஸ்டர் எழுத. பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல முதல் வருடப் பெண் ஒருத்தி எழுதுவாள். வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கப் போட்டிருக்கிறாள். இளைத்துப்போய் ஒரு சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருக்கிறது.

காலையில் நான்தான் அவளுக்குத் தலை சீவிப் பின்னுகிறேன். சுடிதார் ஊக்கு மாட்டுகிறேன். துணி துவைக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு எடுத்து வருகிறேன். வார்டன், "இப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. செய்யாமல் விட்டால் யார் செய்வார்கள்?

இசக்கிக்கு நல்ல நீள முடி. பின்னும்போது பேசமாட்டேன் என்கிறாள். முன்பெல்லாம் வாய் ஓயாது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். என்னத்தைப் பார்க்கிற என்று கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, பின்னு" என்கிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று பின்னும்போது சிக்கில் சீப்பு மாட்டி இழுத்துவிட்டேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்லிட்டு இழுக்கக் கூடாதா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் போய் நான் சீப்பை வீசிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாதி பின்னலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மீதியைப் பின்னிவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

ஊரில். மஸ்கட்காரன் விஷயத்தை அப்பா பேசித் தள்ளிப் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு மூஞ்சி சரியில்லை. அக்கா கேக் அனுப்பியிருந்தாள். குடில் முன்னால் நின்று ஜெபம் சொல்லும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. சாதாரணமாக நான் லிஸ்ட் போட்டுக் கேட்கிற ஆள். போட்டி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில் இந்த நேரத்தில் எல்லோரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். வரிசையில் நின்றேன். நீளமான வரிசை. கால் வலித்ததால் வந்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

போட்டி முடிந்தது. சர்டிபிகேட் கையில் இருக்கிறது. நடுவில் எங்கேயோ ஓர் இடம். சார் அதற்கே சந்தோஷம்.

நீச்சலில் முன்வரிசையில் கரையேறினேன். சைக்கிளில்தான் தொலைந்தது. இந்தப் போட்டியில் ஒருத்தியை ஒட்டி இன்னொருத்தி ஓட்டக் கூடாது, பின்னால் யாரும் வரமாட்டார்கள். நல்ல ரோடு, தூசிகூட இல்லை. ஆனாலும் என் கை அதுபாட்டுக்கு இறங்கி இறங்கிக் காட்டிக்கொண்டே இருந்தது. மேன்ஹோல் மூடி, வெள்ளைக் கோடு, மரத்தின் நிழல், எல்லாவற்றுக்கும். ஹேண்டிலை இறுகப் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ரோட்டோரம் நின்ற சார், "யாருக்கும்மா கை காட்டுற?" என்று கத்தினார்.

ஜனவரி 21, புதன்

ரயிலில் திரும்பினோம். விடுதி வாசலில் எனக்கு மாலை. இசக்கி இடது கையால் போட்டாள், கொஞ்சம் கோணலாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அவள் மட்டும்தான் சிரிக்கிறாள்.

பிப்ரவரி 7, சனி

இசக்கி ஊருக்குப் போய்விட்டாள். இனிமேல் கடைசிப் பரீட்சைக்குத்தான் வருவாள். வீட்டிலிருந்தே கோவில்பட்டிக்குப் போய்க் கை வைத்தியம் பார்க்கப் போகிறாள். போலீஸ் மனுவை அவள் போடவே இல்லை. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், எழுத இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.

பையெல்லாம் நேற்றே அவள் மாமா எடுத்துப் போய்விட்டார். வார்டனின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு நான் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். காலையில் கடைசியாகத் தலை பின்னிவிட்டேன். வண்டியில் ஏறியதும், "உப்பளத்து ரோட்டு வழியாப் போவோமா? ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்றாள். சுற்று வழி, வெயில் வேறு என்றேன். "போவோம்" என்றாள்.

மழைக்காலம் முடிந்து பாத்திகளில் வேலை ஆரம்பித்துவிட்டது. வரப்போரம் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. ரோட்டைப் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். எங்கே குழி இருந்தது என்று அடையாளமே இல்லை. கிட்டங்கியையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எடைமேடையைத் தாண்டிச் சும்மா போய்க்கொண்டிருந்தேன்.

என் தோளுக்குப் பக்கத்தில் அவள் இடது கை நீண்டது. விரலைக் கீழே நீட்டி, நாங்கள் காட்டுவது மாதிரியே, ரோட்டைக் காட்டினாள்.

"குழி" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். நான் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி நின்றது. சரியாக அந்த இடம்தான். கறுப்புத் தார், வழவழவென்று.

நான் திரும்பவில்லை. அவள் பின்னாலிருந்தே பேசினாள். "அன்னைக்கு நீ திரும்பி என்னப் பாத்த. அப்புறம் இடது பக்கம் ஒதுங்கின. கை காட்டல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குட்டி."

"தண்ணி நின்னுச்சு இசக்கி" என்றேன்.

"தண்ணி நின்னுச்சு. நீ ஏன் ஒதுங்கின?"

பாத்தியில் ஓர் ஆள் உப்பை வாரிக்கொண்டிருந்தார். அந்தப் பலகை இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அம்மாவிடம், சாரிடம், வார்டனிடம் எத்தனை தடவை சொன்னதோ அது எதுவும் அவளிடம் வரவில்லை.

"நான் யார்ட்டயும் சொல்லல" என்றாள். "நீயா சொல்லுவன்னு பாத்தேன். தினம் தலை பின்னுவியே, அப்பல்லாம் கண்ணாடியிலயே பாத்துட்டு இருப்பேன். இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. இன்னைக்குக் காலையிலகூடப் பாத்தேன்."

பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வண்டிய எடு" என்றாள்.

எடுத்தேன். வரும்போது என் இடுப்பைப் பிடித்திருந்தவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒற்றைக் கையால் அப்படிப் பிடித்து உட்காருவது கஷ்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பிடிச்சுக்கோ என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓட்டப்பிடாரம் வழியாகப் போகும் கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். அவள் தலையாட்டவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. சீப்பில் அவள் முடி கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலை நீச்சல், பிறகு சைக்கிள். தின்றது: இட்லி. தூக்கம்: இல்லை.

சார் முதல் வருடத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆர்வமான பிள்ளைகள், அதில் ஒருத்தி ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னாலாகப் போட்டிருந்தாள். "அக்கா பின்னால ஒட்டிப் போங்க. ரோட்டப் பாக்க வேண்டாம், அக்கா கையப் பாருங்க. அவதான் ஒங்களுக்குக் கண்ணு" என்று அவர்களிடம் சொன்னார்.

நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் யாரும் வர வேண்டாம் என்றேன். சார் ஏன் என்று கேட்டார். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன்.